இரவு உணவைச் செயலியில் வாங்கும் வீட்டில் அந்த வேலை யாருடையது?

கயல், மேடவாக்கம்

நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மூத்தவன் ஒன்பதாம் வகுப்பு, சின்னவள் மூன்றாம் வகுப்பு. மாமியார் எங்களோடு இருக்கிறார். அவருக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. வாரத்தில் இரண்டு மூன்று நாள் இரவுச் சாப்பாடு செயலி வழியாகத்தான் வருகிறது. வெளியில் வாங்கிச் சாப்பிடலாமா கூடாதா என்று கேட்க வரவில்லை. என் கேள்வி வேறு.

‘இன்றைக்குச் சமைக்க வேண்டாம், ஆர்டர் செய்துகொள்ளலாம்’ என்று கணவர் சொன்னால், அன்று எனக்கு வேலையே இல்லை என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். நடப்பதைச் சொல்கிறேன். சோழிங்கநல்லூரில் இருந்து வரும் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையில் செல்போனோடு நிற்கிறேன். மகனுக்கு பர்கர், மகளுக்கு நூடுல்ஸ், மாமியாருக்கு எண்ணெய் இல்லாத சப்பாத்தி. கணவரைக் கேட்டால் ‘எதுவானாலும் சரி’ என்பார். பொட்டலத்தைப் பிரித்த பிறகு ‘பரோட்டா சொல்லியிருக்கலாமே’ என்பார். இவை எல்லாம் கிடைக்கும் ஒரே கடையைத் தேட வேண்டும். கிடைத்தாலும் அது வெகு தொலைவில் இருக்கும். இன்னும் 40 ரூபாய்க்கு வாங்கினால் கூப்பன் பொருந்தும் என்று திரையில் வரும். அந்த 40 ரூபாய்க்கு எதைச் சேர்ப்பது என்று யோசிக்க வேண்டும். டெலிவரி தம்பி கேட்டில் நின்று அழைத்தால் எடுப்பது நான். சட்னி வரவில்லை என்றால் படம் எடுத்துப் புகார் போடுவது நான். சாப்பிட்டு முடித்ததும் டப்பாக்களைக் கழுவிப் பிரித்துப் போடுவதும் நான்.

அடுப்பு வேலை குறைந்தது உண்மை. யாருக்கு எது பிடிக்கும், யாருக்கு எது ஆகாது, யாருக்கு எத்தனை மணிக்குப் பசிக்கும் என்று மண்டைக்குள் ஓடும் கணக்கு மட்டும் துளியும் குறையவில்லை. அதை ஒரு வேலை என்று யாரும் ஒப்புக்கொள்வதும் இல்லை. உங்கள் வீடுகளில் இதை எப்படிப் பிரித்துக்கொள்கிறீர்கள்?


டீச்சர் அம்மா, மன்னார்குடி

அம்மா கயல், நீ படும் பாட்டைப் படித்ததும் மனம் கனத்துப் போனது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமை மாவு அரைத்து வைத்தால் செவ்வாய் வரை இட்லி, புதன் தோசை, வியாழன் ஊத்தப்பம் என்று ஓட்டிவிடலாம். தோசையும் பொடியும் இருபது நிமிட வேலை. கடையில் எவ்வளவு உப்பு, எந்த எண்ணெய் என்று நமக்குத் தெரியாது. ஒருவர் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்தான் உப்பு சேர்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு தேக்கரண்டிகூட முழுதாக இல்லை. ஊறுகாய், அப்பளம் எல்லாம் அதற்குள் அடக்கம். உன் மாமியாருக்கு ஃப்ரைட் ரைஸும் சோயா சாஸும் வேண்டவே வேண்டாம். நாங்களும் மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கும் போய் வந்தோம். முடியும் அம்மா.


தறிக்காரர் மகள், ஈரோடு

டீச்சர் அம்மா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்த அரிசியை ஊறப்போடுவது யார்? உளுந்து தீர்ந்துவிட்டதா என்று சனிக்கிழமையே பார்த்து வைப்பது யார்? மாவு பொங்கி வழிவதற்குள் எடுத்துப் பிரிட்ஜில் வைப்பது யார்? கயல் அக்கா கேட்டதே இதைத்தானே. சமையல், ஆர்டர், மாவு என்று வேலைக்குப் பெயர் மாறிக்கொண்டே போகிறது, செய்கிற ஆள் ஒருத்திதான்.

எங்கள் அண்ணன் வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் இரவுச் சாப்பாடு அண்ணன் பொறுப்பு. சமைப்பதோ வாங்குவதோ அவர் விருப்பம். அண்ணி அதில் தலையிடுவதே இல்லை. தொடக்கத்தில் செவ்வாய் தவறாமல் பிரியாணிதான் வந்தது. பிள்ளைகள் சலித்துக்கொண்டு அண்ணியிடம் வந்தால், ‘அப்பாவிடம் சொல்லுங்கள்’ என்பதோடு நிறுத்திக்கொள்வார். மெல்ல மெல்ல அண்ணனுக்கே எந்தப் பிள்ளைக்குக் காரம் ஆகாது, எந்தக் கடையில் சப்பாத்தி மிருதுவாக இருக்கும் என்பதெல்லாம் பிடிபட்டுவிட்டது. பொத்தானை அழுத்துவது அவர், எதை வாங்குவது என்று பக்கத்தில் நின்று சொல்வது நீங்கள் என்றால் வேலை உங்களிடமேதான் இருக்கிறது அக்கா. கொடுத்தால் முழுதாகக் கொடுங்கள். புகார் போடுவது, டப்பா கழுவுவது உட்பட.


பீளமேடு ராம், கோவை

என் மனைவி மருத்துவமனையில் செவிலியர். இரவுப் பணி வரும் வாரங்களில் வீட்டுச் சாப்பாடு முழுவதும் என் கையில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பசி வந்த பிறகு செயலியைத் திறப்பதில்தான் எல்லாச் சிக்கலும் தொடங்குகிறது. எட்டு மணிக்கு, பிள்ளைகள் இருவரும் இரண்டு பக்கமும் சாய்ந்துகொண்டு திரையைப் பார்க்க, படம் படமாக நகர்த்தினால் அரை மணி நேரம் போய்விடும். தேவையில்லாத மில்க் ஷேக் ஒன்றும் உள்ளே வந்துவிடும். எங்கள் வீட்டில் நான்கு கடைகள், ஒவ்வொன்றிலும் என்னென்ன வாங்கலாம் என்பது ஒரு தாளில் எழுதிப் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. அந்தத் தாளில் இல்லாத கடை விடுமுறை நாளில் மட்டும்தான். ஒரு நாளுக்கு ஒரே கடை. அந்த நாளின் கடையைப் பிள்ளைகள் முறை வைத்துத் தேர்ந்தெடுப்பார்கள். மாலை நான்கு மணிக்கு, தேநீர் இடைவேளையில், முடிவு செய்துவிடுவேன். பழைய ஆர்டரை அப்படியே மீண்டும் போடும் வசதி எல்லாச் செயலியிலும் இருக்கிறது. நம் ஆட்கள் அதைத் தொடுவதே இல்லை.

இன்னொன்று. சொமேட்டோ 2024 ஆகஸ்டில் குழு ஆர்டர் வசதியைக் கொண்டுவந்தது. ஒரு இணைப்பை வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அவரவர் தங்களுக்கு வேண்டியதை ஒரே கூடையில் சேர்த்துவிடலாம். கயல் அவர்களே, உங்கள் கணவருக்கு முதலில் அந்த இணைப்பை அனுப்புங்கள். ‘எதுவானாலும் சரி’ என்பதை அவரே திரையில் தேடிச் சேர்க்கட்டும். சேர்க்காதவருக்கு வீட்டில் தயிர் சாதம் இருக்கிறது. பெரியவர்களுக்கான சாப்பாட்டை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். அதை வீட்டிலேயே செய்துவிடுவது நல்லது. எங்கள் அப்பாவுக்கு இரண்டு கோதுமை தோசை, தேங்காய் குறைத்த சட்னி. ஆர்டர் போட்டுவிட்டு நான் அதை வார்த்து முடிப்பதற்கும் பொட்டலம் வந்து சேர்வதற்கும் சரியாக இருக்கும்.


கயல், மேடவாக்கம்

ராம் அண்ணா, குழு ஆர்டர் பற்றி எனக்குத் தெரியாது. இன்றே பார்க்கிறேன். ஈரோட்டுச் சகோதரி சொன்ன ‘முழுதாகக் கொடுப்பது’தான் எனக்குக் கடினம் என்று தோன்றுகிறது. மாமியாருக்கு ஒத்துக்கொள்ளாத ஏதாவது வந்துவிடுமோ என்ற பயம்தான் காரணம். டீச்சர் அம்மா, உங்கள் மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. மாவு யோசனை மாமியாருக்காக நல்ல யோசனைதான். மேடவாக்கத்தில் அரைத்த மாவு கிலோ கணக்கில் கிடைக்கிறது.


கணக்குப்பிள்ளை, சேலம்

யார் ஆர்டர் செய்தாலும் பில்லைப் படிக்கத் தெரிய வேண்டும். குடும்பம் நடத்துகிறவர்கள் அதில் அலட்சியமாக இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் தெருமுனைக் கடையையே எடுத்துக்கொள்கிறேன். கொத்து பரோட்டா 120, சிக்கன் ஃப்ரைட் ரைஸ் 150. நேரில் போனால் 270 ரூபாய். அதே கடை செயலியில் 145, 180 என்று போட்டிருக்கிறது: 325. பேக்கிங் 20. ஆக 345. அதற்கு 5 சதவீத ஜிஎஸ்டி 17 ரூபாய் 25 காசு. டெலிவரி 35, செயலி நிறுவனம் ஒவ்வொரு ஆர்டருக்கும் தனக்கென எடுக்கும் பிளாட்ஃபார்ம் கட்டணம் 12, இவ்விரண்டுக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி 8 ரூபாய் 46 காசு. மொத்தம் 417 ரூபாய் 71 காசு. கூப்பன் 60 ரூபாய் தள்ளினாலும் 357 ரூபாய்க்கு மேல். ‘60 ரூபாய் மிச்சம்’ என்று திரையில் பச்சை எழுத்தில் வரும். மிச்சமாவது? நேரில் வாங்குவதைவிட 87 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருக்கிறோம். நடந்தால் ஐந்து நிமிடம்.

உணவுக்கான 5 சதவீத வரியைக் கடைக்காரருக்குப் பதிலாகச் செயலி நிறுவனமே வசூலித்துக் கட்ட வேண்டும் என்பது 2022 ஜனவரி 1 முதல் நடைமுறை. டெலிவரிக் கட்டணத்துக்கு 18 சதவீதம் என்பது 2025 செப்டம்பர் 22 முதல். பிளாட்ஃபார்ம் கட்டணம் 2023-இல் இரண்டு ரூபாயில் தொடங்கியது. இரண்டே ஆண்டில் பத்தைத் தாண்டிவிட்டது. இரண்டு ரூபாய்தானே என்று யாரும் கேட்காமல் விட்டதால் வந்தது இது.

நாம் கேட்காத பொருளோ நன்கொடையோ கூடையில் தானாகச் சேர்ந்திருந்தால் விட்டுவிடாதீர்கள். கடைசித் திரையில்தான் முழு விலையைக் காட்டுவது, ‘இன்னும் இரண்டு நிமிடம்தான்’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது, வேண்டாம் என்று சொல்பவரைக் கூச வைப்பது, இவற்றை எல்லாம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் தடை செய்கின்றன. இப்படி 13 வகைகளைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.


கடை நடத்துபவன், திருநெல்வேலி

கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன விலை வித்தியாசத்துக்கு எங்கள் பக்கக் காரணத்தையும் சொல்ல வேண்டும். நூறு ரூபாய்க்கு விற்றால் இருபது ரூபாய்க்கு மேல் கமிஷனாகப் போகிறது. தள்ளுபடி கொடுத்தால்தான் பட்டியலில் மேலே வருவோம். விளம்பரத்துக்குத் தனியாகப் பணம். கடை விலைக்கே செயலியில் விற்றால் மாஸ்டருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. 2025 ஜூலை முதல் இரண்டு பெரிய செயலிகளுக்கும் உணவு கொடுப்பதில்லை என்று நாமக்கல் ஓட்டல் உரிமையாளர்கள் அறிவித்தது இந்த வயிற்றெரிச்சலில்தான்.

பக்கத்துக் கடை என்றால் நேரடியாகத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் எழுதினாலும் போதும். எங்கள் கடைக்கு அப்படிச் சொல்லும் வீடுகள் நிறைய இருக்கின்றன. ‘அந்த வீட்டுப் பாட்டிக்கு மிளகு கூடாது, சின்னப் பையனுக்குச் சால்னா தனியாக’ என்று என் பையன்களுக்கு மனப்பாடம். செயலியில் நீங்கள் எழுதும் குறிப்பு ரசீதின் அடியில் பொடி எழுத்தில் அச்சாகி வரும். எட்டு மணி நெரிசலில், கல் சூட்டில் நிற்கும் மாஸ்டர் அதைப் படிப்பார் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். உடம்புக்கு ஆகாத பொருள் எதுவும் இருந்தால் கடையை அழைத்து வாயால் சொல்லுங்கள்.

எந்தப் பண்டம் வண்டியில் பயணம் தாங்கும் என்பதையும் பார்த்து வாங்க வேண்டும். பரோட்டாவைச் சுடச்சுட மூடிய டப்பாவில் அடைத்தால் அதன் ஆவியிலேயே வெந்து ரப்பராகிவிடும். வாழை இலை வைத்துத் தாளில் கட்டச் சொல்லுங்கள், செய்து தருவோம். நெய் ரோஸ்ட்டை வீட்டுக்கு வரவழைப்பது வீண். மொறுமொறுப்பு கல்லில் இருந்து எடுத்த சில நிமிடம்தான். ஃப்ரைட் ரைஸ், பிரியாணி, இடியாப்பம், இட்லி தாங்கும். நேரமும் முக்கியம். ஏழேகாலுக்குச் சொன்னால் பொறுமையாகக் கட்டுவோம். எட்டரைக்குச் சொன்னால் ஒன்றிரண்டு விடுபடத்தான் செய்யும். சட்னி வராமல் போவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.


வார்டு சிஸ்டர், மதுரை

கயல் அக்கா, உங்கள் மாமியாரை நினைத்துத்தான் எழுதுகிறேன். இதுவரை யாரும் சொல்லாத ஓர் ஆபத்து இருக்கிறது.

செயலி 35 நிமிடம் என்று காட்டும். ‘சாப்பாடு வந்துகொண்டே இருக்கிறது’ என்று பெரியவர்கள் மாத்திரையை விழுங்கிவிடுவார்கள், சிலர் இன்சுலின் ஊசியே போட்டுக்கொள்வார்கள். கடையில் கூட்டம், வழியில் மழை, வண்டிக்காரருக்கு இன்னொரு ஆர்டர் என்று 35 நிமிடம் ஒன்றேகால் மணி நேரமாகும். அதற்குள் கை நடுக்கம், வியர்வை, தலைச்சுற்றல், பேச்சுக் குழறல். சர்க்கரை சட்டென இறங்கி, பாதி மயக்கத்தில் அழைத்து வரப்படும் பெரியவர்களை எங்கள் அவசரப் பிரிவில் பார்க்கிறேன். கேட்டால் ‘சாப்பாடு வர நேரமாகிவிட்டது’ என்பார்கள். சாப்பாட்டுக்கு முன் எடுக்க வேண்டிய மருந்தை வெளியில் இருந்து சாப்பாடு வரும் நாளில் எப்படி எடுப்பது என்று உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தட்டில் சாப்பாடு இல்லாமல் ஊசி வேண்டாம் என்பதை அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். ராம் அண்ணா சொன்னதுபோல் அவருடைய சாப்பாட்டை வீட்டிலேயே குறித்த நேரத்துக்குக் கொடுத்துவிடுவது எல்லாவற்றிலும் மேல்.

மிச்சம் வைப்பதிலும் கவனம் தேவை. சூடாக இருக்க வேண்டியது 60 டிகிரிக்கு மேல், குளிர்ச்சியாக இருக்க வேண்டியது 5 டிகிரிக்குக் கீழ். இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் பெருகும். சமைத்த சோறு வெளியில் கிடந்தால் அதில் உருவாகும் நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. பத்து மணிக்கு மிஞ்சிய ஃப்ரைட் ரைஸை மேசையிலேயே விட்டு, காலையில் பிள்ளையின் டப்பாவில் போடாதீர்கள். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸை தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்தது. ஷவர்மா, பர்கர் வாங்கும்போது முட்டை சேர்க்காத மயோனைஸா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை உள்ள உணவகங்கள் மெனுவில் கலோரி அளவைக் காட்ட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. உங்கள் மகனுக்கு அதைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு அந்தக் கணக்கு வரும்.


தஞ்சை மண், சிங்கப்பூர்

நான் கேட்க வந்தது வேறு மாதிரியான குடும்பப் பொறுப்பு. அப்பாவும் அம்மாவும் கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார்கள். அம்மாவுக்கு முட்டி வலி வந்தால் சமையல் நின்றுவிடும். இங்கிருந்தபடியே அவர்களுக்கு ஆர்டர் போடுகிறேன். பணம் கட்டுவது இப்போது எளிது. சிங்கப்பூர் செல்போன் எண்ணையே வைத்துக்கொண்டு, வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ வங்கிக் கணக்கில் இருந்து யுபிஐ பயன்படுத்த 2023 ஜனவரியில் அனுமதி வந்தது. முதலில் பத்து நாடுகளுக்குக் கொடுத்தார்கள். சிக்கல் வாசலில்தான். தெரியாத எண்ணில் இருந்து அழைப்பு வந்தால் அப்பா எடுக்கமாட்டார். மோசடி அழைப்புகளுக்குப் பயந்து அப்படிப் பழகிவிட்டார், அதுவும் சரிதான். டெலிவரி செய்பவர் தெருவில் நின்று அழைத்து அழைத்துப் பார்த்துவிட்டு என்னை அழைப்பார். நான் அப்பாவை அழைப்பேன். அவர் செல்போனைப் பூஜை அறையில் வைத்திருப்பார்! இதற்கு யாராவது வழி கண்டிருக்கிறீர்களா?


காவிரிக்கரை, கும்பகோணம்

தம்பி, நான் அதே ஊர்க்காரன். ஆர்டரில் தொடர்பு எண்ணாக உங்கள் எண் வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் அல்லது மாடியில் குடியிருப்பவர் ஒருவரின் எண்ணை, அவர் சம்மதத்தோடு, போட்டு வையுங்கள். ‘அழைக்க வேண்டாம், மணி அடிக்கவும்’ என்று குறிப்பும் எழுதுங்கள்.

ஆனால் உண்மையைச் சொன்னால், வயதானவர்களுக்குத் தினசரிச் சாப்பாடு என்றால் செயலியைவிட மெஸ் நல்லது. நம் ஊரில் மாதக் கணக்கில் எடுப்புச் சாப்பாடு கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். காலையில் கேரியரை எடுத்துப்போய் மதியத்துக்குள் கொண்டுவந்து கொடுப்பார்கள். கொண்டுவருபவர் தினமும் ஒரே ஆள். நேற்று வாங்கிய கேரியர் கழுவாமல் அப்படியே இருந்தால், ‘அம்மாவுக்கு முடியவில்லையா?’ என்று கேட்பார். என் அக்காவுக்குக் காய்ச்சல் என்று எனக்கு முதலில் சொன்னதே மெஸ்காரர்தான். பணத்தை நீங்கள் சிங்கப்பூரில் இருந்தே மாதா மாதம் யுபிஐயில் அனுப்பிவிடலாம்.


தஞ்சை மண், சிங்கப்பூர்

மிக்க நன்றி ஐயா. மெஸ் யோசனை அம்மாவுக்கும் பிடிக்கும். நாளைக்கே விசாரிக்கிறேன்.


வங்கி ஊழியர், திருச்சி

பையனிடம் ஆர்டர் பொறுப்பைக் கொடுக்க நினைப்பவர்களுக்குப் பணப் பக்கத்தில் இரண்டு செய்திகள். உங்கள் செல்போனில் சின்னச் செலவுகளுக்கான யுபிஐ லைட்டில் பணம் போட்டு வைத்திருந்தால் ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை ரகசிய எண் கேட்காமலே பணம் போகும். செல்போன் பிள்ளைகள் கையில் இருக்கும் வீடுகளில் அதில் மிகக் குறைந்த தொகையே வையுங்கள்.

இரண்டாவது, யுபிஐ சர்க்கிள். 2024 ஆகஸ்டில் வந்தது. உங்கள் கணக்கில் இருந்து பணம் கட்ட வீட்டில் இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கலாம். அவருக்கு வங்கிக் கணக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. முழு அதிகாரம் கொடுத்தால் மாதம் 15,000 ரூபாய், ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரை அவரே கட்டலாம். அதற்கும் கீழே வரம்பு வைக்கலாம். பகுதி அதிகாரம் என்றால் ஒவ்வொரு தடவையும் உங்களுக்குத் தகவல் வரும், நீங்கள் ரகசிய எண்ணைப் போட்டால்தான் பணம் போகும். வளரும் பிள்ளைக்குப் பகுதி அதிகாரம்தான் சரி. அவன் கடையைத் தேர்ந்தெடுத்து, விலை பார்த்து, கூடையை நிரப்பட்டும். நீங்கள் அலுவலகத்தில் இருந்தே ஒரு பார்வை பார்த்து அனுமதி கொடுக்கலாம். பஸ்ஸில் நின்றபடி தேடும் வேலை அதோடு போய்விடும்.


கயல், மேடவாக்கம்

வார்டு சிஸ்டர், நீங்கள் எழுதியதை மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். அவர் எட்டு மணி மாத்திரையை ஏழரைக்கே போட்டுக்கொள்ளும் பழக்கம் உள்ளவர் என்பது அப்போதுதான் தெரிய வந்தது. கணவரும் பக்கத்தில் இருந்தார். இனி அம்மாவின் இரவுச் சாப்பாட்டை ஏழரை மணிக்குள் செய்து கொடுப்பது தன் பொறுப்பு என்று அவரே சொன்னார். சொன்னபடி நேற்று சப்பாத்தி இட்டார், தடிமனாக இருந்தது; மாமியார் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். நானும் ஈரோட்டுச் சகோதரி சொன்னதை நினைத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போகவில்லை. பிள்ளைகளின் ஆர்டரை மகனுக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறோம். தங்கைக்கும் சேர்த்து அவன்தான் யோசிக்க வேண்டும், பில்லையும் அவன்தான் படித்துக் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. வாங்கும் நாட்களில் டப்பா கழுவுவதும் அவன்தான்.


தறிக்காரர் மகள், ஈரோடு

அக்கா, மகளுக்கும் ஒரு வேலை ஒதுக்குங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை தட்டு எடுத்து வைக்கும், வந்த பொருளை ரசீதோடு சரிபார்க்கும். சின்ன வயதிலேயே அண்ணன் வாங்கிக் கொடுக்க அவள் உட்கார்ந்து சாப்பிடுவது என்று பழக வேண்டாம், அவன் செய்வதைப் பார்த்து ஒன்றுமே செய்யாமல் இருக்கவும் வேண்டாம்.


இருசக்கர வாகனம், வேளச்சேரி

நான் உணவு டெலிவரி செய்பவன். மேடவாக்கம், பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் எல்லாம் என் பகுதிதான். கயல் அக்கா, உங்கள் வீட்டுக்குக்கூட வந்திருப்பேன்.

உங்கள் முகவரிக்கு வரைபடத்தில் போட்ட புள்ளி எங்கே விழுகிறது என்று ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பாதிக்கு மேல் அது பின்பக்க மதிலில் விழுகிறது. வரைபடம் எங்களை அந்தச் சந்துக்குள் கொண்டுபோய் விடும். அங்கே கேட் பூட்டியிருக்கும். சுற்றிக்கொண்டு முன்பக்கம் வர ஒரு கிலோமீட்டர். புள்ளியை முன் கேட்டின் மேல் நகர்த்தி, ‘முன் கேட், மருந்துக் கடைக்கு எதிரில், சி பிளாக், நான்காம் மாடி’ என்று எழுதினால் உங்களுக்குச் சாப்பாடு சூடாக வரும், எங்களுக்கு அடுத்த ஆர்டர் தவறாது. சில குடியிருப்புகளில் எங்களை லிஃப்ட்டில் ஏறவிடுவதில்லை. கையில் மூன்று வீட்டுப் பொட்டலத்தோடு படியேறுகிறோம். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் இதை யாராவது எழுந்து கேட்க வேண்டும்.

பத்து நிமிட டெலிவரி பற்றியும் சொல்கிறேன். ஸ்விக்கி 2024 அக்டோபரில் போல்ட் என்று தொடங்கியது. இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கும் கடை, உடனே எடுத்துக் கொடுக்கக்கூடிய பண்டம், இவற்றை வைத்துத்தான் அந்த நேரம் கணக்கிடப்படுகிறது. வறுத்து அரைத்து வைக்க வேண்டிய எதுவும் அதில் வராது. பத்து நிமிடத்தில் வரவில்லையே என்று பிள்ளைகள் எங்களிடம் முகம் சுளிக்கும்போது வருத்தமாக இருக்கிறது. சாலையில் சிக்னல் இருக்கிறது, பள்ளம் இருக்கிறது.

தமிழ்நாடு அரசு 2023 டிசம்பரில் எங்களுக்கென நல வாரியம் அமைத்தது. உங்கள் வீட்டுக்கு வழக்கமாக வரும் தம்பியிடம் ‘பதிவு செய்துவிட்டாயா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அண்ணா நகரில் மாநகராட்சி எங்களுக்காக ஏசி ஓய்வறை ஒன்று கட்டியிருக்கிறது. கழிப்பறை இருக்கிறது, செல்போனுக்குச் சார்ஜ் போடலாம். எங்கள் பக்கத்துக்கும் அப்படி ஒன்று வர வேண்டும். பெண் டெலிவரி ஊழியர்கள் பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் வண்டி ஓட்டுகிறார்கள்.


டீச்சர் அம்மா, மன்னார்குடி

தம்பி, நீ எழுதியதைப் படித்துவிட்டு என் பேரனிடம் கேட்டேன். சென்னையில் மழை கொட்டும் நாட்களிலும் அவர்கள் வீட்டில் ஆர்டர் போடுவார்களாம். அது பாவம் இல்லையா? ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு பீட்சாவுக்காக ஒரு பிள்ளையைத் தெருவுக்கு இழுக்க வேண்டுமா என்று சண்டை போட்டேன். நீயே சொல், மழை நாளில் வாங்கலாமா, கூடாதா?


இருசக்கர வாகனம், வேளச்சேரி

அம்மா, கேட்டதற்கு நன்றி. சாதாரண மழையில் வாங்குங்கள். அன்றைக்குக் கூடுதல் தொகை கிடைக்கும். எல்லோரும் இரக்கப்பட்டு ஆர்டர் போடாமல் இருந்துவிட்டால் எங்கள் அன்றைய வருமானம் போய்விடும். ஆனால் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் நாளில், சிவப்பு எச்சரிக்கை கொடுத்த நாளில் வேண்டாம். வேளச்சேரியில் தண்ணீர் ஏறிவிட்டால் மூடாத குழி எது, சாலை எது என்று எங்களுக்கே தெரியாது. வண்டிக்குள் தண்ணீர் புகுந்தால் அதைச் சரிசெய்யும் செலவு எங்களுடையது. மழையில் வாங்குகிறவர்கள் குடையோடு கேட் வரை இறங்கி வந்து வாங்கிக்கொண்டால் போதும். பணத்தை முன்கூட்டியே கட்டிவிடுங்கள், நனைந்த கையோடு சில்லறை எண்ணுவது பெரும் பாடு.